மூன்று கரண்டி வயிறு, ஒரு டிராலி சாமான்

இரண்டு விரல்கள் தயிர் டப்பாவின் மூடியை மெல்ல அழுத்துகின்றன. மூடி உள்ளே போய் வெளியே வருகிறது. விரல்களுக்குத் திருப்தி இல்லை. டப்பா தலைகீழாகிறது, அடியில் அச்சிட்ட தேதி அழிகிறதா என்று கட்டைவிரல் தேய்த்துப் பார்க்கிறது. இன்னொரு கை சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, ஒரே உதறலில் விரித்து, மூக்கின் மேல் ஏற்றுகிறது. டப்பா கண்ணுக்கு நெருங்குகிறது. விலகுகிறது. மறுபடியும் நெருங்குகிறது. பின்னால் ஓர் அம்மாள் பால் எடுப்பதற்காக நின்று நின்று கால் மாற்றிக்கொண்டிருக்கிறார். குளிர்பெட்டியின் கதவு திறந்தபடியே கிடப்பதில் உள்ளே வெண்ணெய்க்கெல்லாம் வேர்க்கத் தொடங்கிவிட்டது.

"சர்க்கரை போட்டிருக்கான்!"

கொலை நடந்த வீட்டில் கத்தியைக் கண்டெடுத்தவரின் குரல் அது. கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது.

வாசகரே, பயப்படாதீர்கள். நீங்கள் பார்ப்பது ஒரு தனி இனம். மூன்று கரண்டிக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உடம்பைக் குறைப்பதற்காக ஆபரேஷன் செய்து வயிற்றைச் சிறிதாக்கிக்கொண்டவர். ஒரு வேளைக்கு மூன்று கரண்டிதான் உள்ளே போகும். நான்காவது கரண்டி வாசலிலேயே நிற்கும், பிடித்துத் தள்ளினால் போன வழியே திரும்பும். அவ்வளவு சின்ன வயிறு. ஆனால் இவர் கடைக்குக் கிளம்பினால் டிராலி நிரம்பி, டிராலியின் கீழ்த்தட்டு நிரம்பி, கூட வந்தவரின் இரண்டு கக்கமும் நிரம்பிய பிறகுதான் திரும்புவார்.

ஏன்? டாக்டர் திறமைசாலி, வயிற்றைக் கச்சிதமாகக் குறைத்துவிட்டார். கண்ணைக் குறைக்க இன்னும் ஆபரேஷன் வரவில்லை. மூக்கும் பழைய அளவிலேயே இருக்கிறது. வாய்க்கு வேலை போனதும், அந்த வேலை முழுக்கக் கைக்கு மாற்றலாகி வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் இவர் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை. மனைவி வாங்கி வந்ததைச் சாப்பிடுவார். நன்றாக இருந்தால் இன்னொரு தடவை சாப்பிடுவார். நன்றாக இல்லாவிட்டால், ஏன் நன்றாக இல்லை என்று கண்டுபிடிப்பதற்காக இன்னொரு தடவை சாப்பிடுவார். அன்று சாப்பிடுவதற்காக யாரோ கடைக்குப் போனார்கள். இன்று இவருக்குக் கடைக்குப் போவதே சாப்பாடு.

என் அக்காவின் வீட்டுக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். அவரை வைத்தே சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குள் என்றால் மானநஷ்ட வழக்கு வராது.

அத்தான் பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று பார்க்கிற வேலையில் இருக்கிறார். அக்கா அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிறாள். நான் டிப்போ வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அத்தான் எந்தப் பொட்டலத்தின் முன்பக்கத்தையும் பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் மலை இருக்கும், ஓடை இருக்கும், எதற்கென்றே தெரியாமல் சிரிக்கிற பசுமாடு இருக்கும். "அதெல்லாம் மேடைப் பேச்சு மாப்ளே. திருப்பு. பின்னாடி இருக்கறதுதான் வாக்குமூலம்" என்பார். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சிட்டிருப்பதை உதடு அசைய வாசிப்பார். புரதம் கூட இருந்தால் தலை மேலும் கீழும் ஆடும். சர்க்கரை ஒளிந்திருந்தால் உதடு பிதுங்கும். சர்க்கரைக்கு இருக்கிற அளவு மாற்றுப் பெயர்கள் போலீஸ் தேடுகிற ஆட்களுக்குக்கூட இருக்காது. அத்தனையும் அத்தானுக்கு மனப்பாடம். மீன் வெட்டுகிறவரிடம் போய் "முள் இருக்குமா?" என்று கேட்டு, "மீனா பொறந்தா இருக்கும் சார்" என்று வாங்கிக் கட்டிக்கொள்வார். முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். அது என்ன சொல்கிறதோ, இவர் தலையாட்டுவார்.

தான் படிப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஒரு நாள், பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு நின்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இது உங்களுக்கா?"

"ஆமா. ஏன், விலை ஒட்டலையா?"

"விலை கிடக்கட்டும். பின்னாடி படிச்சீங்களா?"

"பிஸ்கட்டை எதுக்கு சார் படிக்கணும்? கடிச்சாப் போதாதா?"

"எவ்வளவு நேரம் மெல்லுவீங்க?"

"நீங்க பல் டாக்டரா?"

"நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன் சார். உங்களைவிடப் பெருசா. இங்க பாருங்க…"

அத்தானின் கை சட்டையின் கீழ்ப் பட்டனுக்குப் போய்விட்டது. இந்த இனத்தாருக்கு வயிற்றில் குட்டிக் குட்டியாகச் சில தழும்புகள் இருக்கும். வாங்கிய விருதை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைக்கலாம்; தழும்பை எங்கே மாட்டுவது? எனவே சட்டையைத் தூக்குவார்கள். சலவைச் சோப்பு வரிசை, காய்கறித் தராசு, லிஃப்ட் என்று இடம் பார்ப்பதில்லை. அந்த மனிதர் பிஸ்கட்டை அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போனார்.

அத்தான் அந்தப் பொட்டலத்தைக் குனிந்து எடுத்தார். வருத்தத்தோடு தலையை அசைத்தார். எங்கள் டிராலியில் வைத்தார்.

"என்ன அத்தான் இது? இப்பத்தானே…"

"எனக்கா வாங்கறேன்? உங்கக்காவுக்குப் பிடிக்கும்டா."

இங்கேதான், வாசகரே, இந்த இனத்தின் மர்மம் இருக்கிறது.

வீட்டில் அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். குழந்தைக்குச் சோறூட்டுகிற தட்டு, அதற்கேற்ற கரண்டி. முதலில் புரதம்: மசித்த மீனோ, முட்டையோ. பல்லுக்கே அலுத்துப்போகும்வரை மெல்லுவார். நடுவில் தண்ணீர் கூடாது. மூன்றாவது கரண்டி இறங்கியதும் சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை உயர்த்துவார். முடிந்தது. டாக்டர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பிசகாது. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது.

அடுத்து மேஜையைப் பார்ப்பார். கொழுப்பு நீக்கிய பாலாடைக் கட்டி, கொழுப்பு நீக்காத பாலாடைக் கட்டி (இரண்டும் இருந்தால்தானே வித்தியாசம் தெரியும்?), நிலக்கடலை வெண்ணெய், ரொட்டி, வறுத்த கோழி, பேரீச்சம்பழம், புதிதாக வந்த புரத பிஸ்கட், பழைய மாதிரி வந்த புரதமில்லாத பிஸ்கட். எல்லாவற்றிலும் நுனி மட்டும் காணாமல் போயிருக்கும்.

"இவ்வளவு மிச்சமாயிடுச்சே!" என்பார், யாரோ வந்து மிச்சம் வைத்துவிட்டுப் போன மாதிரி. "நீ சாப்பிடும்மா. நான் பாக்கறேன்."

அக்கா சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும்.

"மொறுமொறுன்னு இருக்கா?"

"இருக்குங்க."

"உள்ளயும் மொறுமொறுப்பா, இல்ல உள்ள மெத்துன்னா?"

"உள்ள மெத்துன்னு."

"முதல்ல எது தெரியுது, உப்பா இனிப்பா?"

"ரெண்டும்தாங்க."

"ரெண்டும் எப்படி முதல்ல தெரியும்? அவசரப்பட்டு முழுங்கிட்டே. இன்னொரு துண்டு எடுத்து நிதானமாச் சொல்லு."

நடக்கிற கிரிக்கெட் மேட்ச்சை ஓரமாக உட்கார்ந்து வர்ணிப்பவரை நாம் அறிவோம். இங்கே வர்ணிக்கிறவளே ஓடவும் வேண்டும். வர்ணனை சரியில்லாவிட்டால் பந்தை மறுபடி போடுவார்கள்.

"வேணாம்னு சொல்லக்கூடாதா அக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்டா. முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. பாவம், வயிறு சுருங்கினது போதாதா? அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வர்றாரு. தூக்கிப் போடவா முடியும்?"

தூக்கிப் போட முடியாது. எனவே உள்ளே போட்டாள்.

இதெல்லாம் என் கடைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் கடைசியில் தையல் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். கண்ணாடி பொய் சொல்லும், எடை மிஷின் ரிப்பேராகும், சொந்தக்காரர்கள் மரியாதைக்கு "அப்படியேதான் இருக்கீங்க" என்பார்கள். இடுப்புப் பட்டன் மட்டும் யாருக்கும் முகத்தாட்சணியம் பார்க்காது.

அத்தான் வருவார், டிப்போவில் கொடுத்த கருநீல யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி மேஜையில் வீசுவார், "பிடி மாப்ளே!" என்பார். நான் பக்கத் தையலைப் பிடித்துச் சிறிதாக்கிக் கொடுப்பேன். சில வாரத்தில் மறுபடி வருவார், "இன்னும் பிடி!" கடைசியில் பிடிப்பதற்கும் எல்லை வந்தது, உள்ளே மடித்த துணி இரண்டு பக்கமும் தலையணை மாதிரி நின்றது. தையற்காரன் லேசில் துணியை வெட்டமாட்டான். மெலிந்தவர்கள் பழையபடி திரும்பி வருவார்கள் என்பது எங்கள் தொழிலின் அனுபவம். அதனால் உள்ளே விட்டுத்தான் தைப்போம். அத்தானிடம் அது நடக்கவில்லை.

"வெட்டுடா. திரும்பிப் போற பேச்சே இல்ல!"

வெட்டினேன். இரண்டு பக்கமும் மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த இரண்டு நீளத் துண்டுகள். அவர் பழைய பேண்ட்டின் ஒரே காலுக்குள் தன் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, கடை முழுக்கக் குதித்துக் குதித்து வந்து, நூல் கண்டு பெட்டியைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய மனிதர் அவர்.

அவர் போன மறுநாள் அக்கா வருவாள். அதே கருநீலக் கோட்டு, அவள் அளவு. "கொஞ்சம் பிரிச்சு விடுடா தம்பி." பிரித்துவிட்டேன். சில வாரத்தில் மறுபடி. பிரித்துவிட்டேன். ஒரு கடையில் ஒரு வாடிக்கையாளர் தேய்வதும் இன்னொருவர் வளர்வதும் சகஜம். ஒரே வீட்டிலிருந்து முறை வைத்து வந்தால் யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பதக்கம் வந்தது. இத்தனை வருஷம் பஸ் ஓட்டி ஒரு நாயின் வாலைக்கூட நசுக்காததற்காக அக்காவுக்கு மேடையில் பதக்கம். டிப்போ மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டன் சார். கழுத்துப் பட்டன் போடாத ஒரு டிரைவரை மேடைப் படியிலிருந்தே கீழே இறக்கிவிட்ட புண்ணியவான். யூனிஃபார்ம் கோட்டு, எல்லாப் பட்டனும் மூடியபடி. இல்லாவிட்டால் பதக்கம் தபாலில் வரும். அக்கா தபாலில் வாங்குவதற்காகவா இத்தனை வருஷம் பிரேக் மிதித்தாள்?

கோட்டைக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தாள். மேல் பட்டனைப் போட முடிந்தது. நடுப் பட்டனை மூச்சை இழுத்தால் போட முடிந்தது. கீழ்ப் பட்டனும் அதன் துளையும் எட்ட நின்று பேசாத சொந்தக்காரர்கள் மாதிரி பார்த்துக்கொண்டன.

"பிரிச்சு விடு."

உள்ளே திருப்பிக் காட்டினேன். "இனிமே பிரிக்க ஒண்ணுமில்ல அக்கா. உள்ள விட்ட துணி தீர்ந்துபோச்சு."

டிப்போவில் புது கோட்டுக்குச் சொன்னால், துணி மாறிவிட்டது, புதுத் துணி விழாவுக்குப் பிறகுதான் வருமாம். கடைத்தெருவில் தேடினால் எந்த நீலமும் இந்த நீலமில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ நெருக்கடியில் ஹாரன்கூட அடிக்காதவள்; அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"அவர்கிட்டச் சொல்லிடாதே. அடுத்த தடவையும் நீ அவரோட கடைக்குப் போ. கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கோ."

போனேன். கையைப் பிடிப்பதற்காகப் போன நான் அவருடைய இரண்டு பைகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நடுவில் நான் "இதெல்லாம் எதுக்கு அத்தான்?" என்று கேட்டதற்கு, அவர் ஒவ்வொன்றையும் திருப்பி வாக்குமூலம் வாசித்துக் காட்டினார். பணம் வாங்குகிற பெண், நாடாவில் ஊர்ந்து வந்துகொண்டேயிருந்த சாமான்களைப் பார்த்துவிட்டு, "வீட்டுல விசேஷமா சார்?" என்றாள்.

"இல்லம்மா. டயட்டு."

மறுநாள் காலை கடையைத் திறந்து, அக்காவின் கோட்டின் இரண்டு பக்கத்தையும் கக்கத்திலிருந்து கீழ்வரை பிரித்தேன். வெட்டுத் துணி மூட்டையை அவிழ்த்தேன். ஒரு காலர் துண்டுக்காகப் பழைய திரைச்சீலையைக்கூட வைத்திருக்கிற ஜாதி நாங்கள். மூட்டையின் அடியில் கை போனபோது அந்தக் கருநீலம் வந்தது. அதே டிப்போ, அதே துணி, அதே வருஷத்துச் சாயம். பிரித்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் பேண்ட் போட்டுப் பார்க்க உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். துண்டைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், உடனே பின்பக்கம் திருப்பினார். அங்கே என் சாக்குக்கட்டி எழுத்து அழியாமல் இருந்தது: அத்தான், இடது.

கண்ணாடி மூக்கில் ஏறியது. துண்டு நெருங்கியது. விலகியது.

"இது என் கோட்டுல வெட்டினதுதானே?"

"ஆமா."

"இது யாரு கோட்டு?"

"அக்கா கோட்டு."

அவரே துண்டைக் கோட்டின் பிளவில் வைத்தார். மேலே ஒடுக்கத்துக்கு ஒடுக்கம், கீழே அகலத்துக்கு அகலம். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. அடுத்த பக்கத்துக்கு அடுத்த துண்டு. அதுவும் அப்படியே.

"அப்போ நான் குறைஞ்சதெல்லாம்…"

"எங்கயும் போகல அத்தான். வீட்டுலதான் இருக்கு."

அத்தான் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து தண்ணீர் எடுக்கப் போனேன், சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து, பிடித்து நிறுத்த முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடப்பாவி, நான் தூக்கி எறிஞ்சேன்னு நெனச்சேன். பார்சல் பண்ணியிருக்கேன்டா!" என்றார். பிறகு சட்டென்று, "அவ ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க முகம் சுருங்குமாம்."

சிரிப்பு நின்றது. எழுந்து, பேண்ட்டைக்கூடப் போட்டுப் பார்க்காமல், எதிரே டிப்போவுக்குப் போனார். அக்காவின் பஸ் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, எனக்கே கேட்கிற சத்தத்தில் கேட்டார்:

"உனக்கு என்ன வேணும்? கடைக்குப் போறேன். நீ சொல்றதை மட்டும் வாங்கறேன்."

அக்கா என்ஜினை அணைத்தாள். இப்படி ஒரு கேள்வி வந்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தாளோ என்னவோ.

"எனக்கா? எனக்குப் பசிக்கணுங்க. பசிச்சே ரொம்ப நாளாச்சு."

அன்று மாலை அத்தான் டிராலி வரிசையைத் தாண்டிப் போய், கையில் மாட்டுகிற சின்னக் கூடை ஒன்றை எடுத்ததை நானே பார்த்தேன். தனக்கு ஒரு தயிர். அக்காவுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம். பழத்தை நாலு பக்கமும் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இதுக்குப் பின்பக்கமே இல்லையே!"

விழா அன்று காலை கோட்டைக் கொடுத்தேன். எல்லாப் பட்டனையும் மூச்சை இழுக்காமல் போட முடிந்தது. அக்கா கையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தாள்; பக்கத்தில் வைத்துத் தைத்த துண்டு அத்தானின் வேர்வையில் கொஞ்சம் வெளுத்திருந்தது, கையை இறக்கினால் தெரியாது.

"என்னடா இது, அவரு என்னை இடுப்பைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டே மேடைக்கு வர்ற மாதிரி இருக்கே" என்றாள். அத்தான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லாத ஒரு பஸ்ஸுக்கு நேரம் பார்த்தார். பட்டன் சார் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பட்டனாகப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கை தட்டினார்.

அத்தான் திருந்திவிட்டாரா என்றால், இந்த இனம் திருந்துவதில்லை, முகவரி மாறும். வாங்குகிற ஆசை எங்கே போகும்? இப்போதெல்லாம் மாலையில் என் கடைக்கு வந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்து, "நீ சாப்பிடு மாப்ளே, நான் பாக்கறேன்" என்கிறார். பரவாயில்லை, எனக்குத் தையல் தெரியும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஆபரேஷன் ஆகவில்லை, மூன்று கரண்டிக் கணக்கெல்லாம் இல்லை. வாஸ்தவம். ஆனால் போன வாரம் "எனக்கு ஒண்ணும் வேணாம், வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் வாங்கியது எது? "வீணாப் போகுதே" என்று அதை முடித்து வைத்தது யார்? உங்கள் முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்லத் தயங்குகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா, இல்லை அந்த ஒருவரே நீங்கள்தானா?

எனக்கு எதற்கு அந்த விவரமெல்லாம். இதோ, நீங்கள் தைக்கக் கொடுத்த பேண்ட். இஸ்திரி போட்டு மடித்திருக்கிறேன், பிடியுங்கள். நீங்கள் கேட்காமலேயே உள்ளே கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன்.